கடைசி வெற்றிகளின் கணக்கு
சுவிஸ் உதைபந்து வரலாறு – பாகம் 14

சென்ற பாகத்தை, ஜெனீவாவின் சேர்வெத் கழகம் 2005 பெப்ரவரியில் வங்குரோத்தான இடத்தில் நிறுத்தியிருந்தேன். அதற்கு இரண்டு வருஷம் முன்னர் லொசானும் லுகானோவும் கடனில் மூழ்கியிருந்தன. அந்த அனுபவங்களுக்குப் பிறகு அனுமதிப்பத்திர விதிகளைச் சுவிஸ் லீக் இறுக்கித்தான் வைத்திருந்தது. ஆனாலும் 2012 ஜனவரியில் இன்னொரு கழகம் பருவத்தின் நட்டநடுவில் செத்துப்போனது. நொஷாத்தெல் ஸாமாக்ஸ். நாட்டின் சம்பியனாக இரண்டு முறை முடிசூடிய கழகம். ரியல் மட்ரிட்டை இரண்டு முறையும் பயேர்ன் மியூனிக்கை ஒரு முறையும் தன் மைதானத்தில் தோற்கடித்த கழகம்.

முதலில் ஒரு பட்டியலைப் பார்த்துவிடுவோம். 2011–12 பருவத்தின் சுப்பர் லீக் இறுதி நிலவரம் அது. முதலிடத்தில் பாசல்: 34 ஆட்டங்கள், 74 புள்ளிகள். அதற்குக் கீழே எட்டுக் கழகங்கள், எல்லாவற்றுக்கும் 34 ஆட்டங்கள். கடைசி வரியில் ஸாமாக்ஸ். அதன் பெயருக்கு நேரே 18 என்று போட்டிருக்கும்.

பத்துக் கழகங்கள் கொண்ட அந்த லீக்கில் ஒவ்வொரு கழகமும் மற்ற ஒன்பதோடும் நான்கு நான்கு தடவை மோதும். ஆக ஆளுக்கு 36 ஆட்டம். குளிர்கால விடுமுறை வருவதற்குள் ஸாமாக்ஸ் எல்லோரோடும் இரண்டிரண்டு தடவை ஆடி முடித்திருந்தது. மிச்சம் நடக்கவில்லை. அதனால்தான் மற்றவர்களின் கணக்கில் இரண்டு குறைந்து 34 ஆனது. பல நாடுகளின் லீக்குகளில் ஒரு கழகம் இடையில் விழுந்தால் அது ஆடிய ஆட்டங்களையே அழித்துவிடுவார்கள். அதோடு மோதி வென்றவனுக்கும் புள்ளி இல்லை, தோற்றவனுக்கும் நட்டமில்லை. சுவிஸ் லீக் அப்படிச் செய்யவில்லை. நடந்த ஆட்டம் நடந்ததுதான் என்று விட்டுவிட்டது. கழகம் இல்லாமற்போன பிறகும் அதன் கடைசி வெற்றிகள் பட்டியலில் நிற்கின்றன.

ஸாமாக்ஸின் முடிவைப் பற்றி எழுதியவர்கள் பெரும்பாலும் அதன் கடைசி முதலாளியைப் பற்றித்தான் எழுதினார்கள். பணம், பொய்ப் பத்திரம், கைது என்று அந்தக் கதைக்கு எல்லாம் இருக்கிறது. எனக்கு அந்த மனிதரைவிட அந்த 18 ஆட்டங்களை ஆடியவர்கள்தான் முக்கியம். அவர்கள் எந்த வரிசையில் வந்து நின்றவர்கள் என்று தெரிந்தால்தான் அந்தக் கடைசி வெற்றிகளின் பெறுமதி விளங்கும். ஆகவே பின்னால் போகவேண்டியிருக்கிறது.

நொஷாத்தெல் பெரிய ஊர் இல்லை. ஓர் ஏரிக்கரை நகரம். மஞ்சள் கல்லில் கட்டிய பழைய வீடுகள், அவற்றுக்குப் பின்னால் யூரா மலை, முன்னால் ஏரி. மணிக்கூட்டுத் தொழிலும் பல்கலைக்கழகமும் ஊரைத் தாங்குகின்றன. இந்த ஊரில் முதலில் புகழோடு இருந்தது கன்டோனால் என்ற கழகம். 1916இல் அது சுவிஸ் சம்பியன். ஸாமாக்ஸ் அதற்குப் பக்கத்தில் வளர்ந்த சின்னக் கழகம். மக்ஸ் அபெக்லன் என்ற பொடியனைக் கூட்டாளிகள் ‘ஸாம்’ என்று கூப்பிட்டார்கள். கழகத்தின் பெயர் அவரிலிருந்து வந்தது. அந்தப் பொடியன் பின்னாளில் சுவிஸ் அணிக்காக 68 ஆட்டங்களில் 34 கோல் போட்டார். 1924 பாரிஸ் ஒலிம்பிக்கில் வெள்ளிப் பதக்கம் வென்ற சுவிஸ் அணியின் கோலடிக்கும் கால் அவருடையதுதான். நாட்டுக்காக அவர் வைத்திருந்த கோல் சாதனையை 2008இல்தான் அலெக்சாண்டர் ஃப்ரை கடந்தார். 1970இல் கன்டோனாலும் ஸாமாக்ஸும் ஒன்றாகி, நொஷாத்தெல் ஸாமாக்ஸ் ஆகின.

அதன் பிறகு வந்த எல்லா வெற்றிகளுக்கும் பின்னால் ஒரு மனிதர் நிற்கிறார். ஜில்பேர் ஃபக்கினெற்றி. கட்டட ஒப்பந்தக் குடும்பத்துக்காரர், அந்த ஊர்க்காரர். 1979இலிருந்து 2003 வரை தலைவராக இருந்தார். பணம் போட்டவர் என்று ஒரு சொல்லில் அவரை முடித்துவிட முடியாது. கழகம் தோற்றால் அடுத்த நாள் அதே தெருவில் நடந்து போகவேண்டிய மனிதர் அவர். சந்தையில், தேநீர்க்கடையில் ஊர்க்காரருக்கு முகம் கொடுக்கவேண்டியவர். இந்த வித்தியாசத்தைப் பிறகு வந்தவரோடு ஒப்பிடும்போது நினைவில் வைத்திருங்கள்.

ஃபக்கினெற்றி 1981இல் ஜில்பேர் கிறெஸ் என்பவரைப் பயிற்றுநராகக் கொண்டுவந்தார். நீண்ட தலைமுடி, மூக்குக்கண்ணாடி, ஸ்திராஸ்பூர்க்காரர். 1979இல் தன் சொந்த ஊர்க் கழகத்தைப் பிரான்ஸின் சம்பியனாக்கிவிட்டு வந்தவர். 1985இல் ஜேர்மனியின் உலி ஸ்டீலிக்கே வந்தார். எட்டு வருஷம் ரியல் மட்ரிட்டில் ஆடிய நட்சத்திரம் ஏரிக்கரைச் சிற்றூருக்கு வந்து சேர்ந்தது அப்போது பெரிய செய்தி. அதே வருஷம் சுவிஸ் தேசிய அணியின் ஹைன்ஸ் ஹேர்மனும் வந்தார். அயர்லாந்தின் டொன் கிவன்ஸ் ஏற்கெனவே அங்கே இருந்தார்.

அந்த 1985–86 பருவத்தில் யூஃபா கிண்ணத்தில் ஸாமாக்ஸ் ஸ்கொட்லாந்தின் டண்டீ யுனைட்டெட்டை வெளியேற்றியது. அங்கே 2–1 என்று தோற்று, இங்கே மேலதிக நேரத்தில் 3–1 என்று வென்றது. காலிறுதியில் எதிரே வந்தது ரியல் மட்ரிட். ஸ்டீலிக்கே நேற்றுவரை அணிந்திருந்த வெள்ளைச் சட்டை. மட்ரிட்டில் 3–0 தோல்வி. இரண்டாவது ஆட்டம் மலதியேர் மைதானத்தில். ஸாமாக்ஸ் 2–0 என்று வென்றது. இன்னும் ஒரு கோல் விழுந்திருந்தால் மேலதிக நேரம். அந்தக் கிண்ணத்தை அந்த வருஷம் தூக்கியது ரியல்தான்.

1987இல் சம்பியன். ஊருக்கு 71 வருஷத்துக்குப் பிறகு வந்த பட்டம். 1988இல் மறுபடியும் சம்பியன். இடையில் 1987 ஒக்டோபரில் ஐரோப்பியச் சம்பியன் கிண்ணத்துக்காக பயேர்ன் மியூனிக் வந்தது. ஸாமாக்ஸ் 2–1 என்று வென்று அனுப்பியது. மியூனிக்கில் கிட்டத்தட்ட கடைசிவரை கோலே விழவில்லை. அப்படியே முடிந்திருந்தால் ஸாமாக்ஸ் காலிறுதிக்குப் போயிருக்கும். கடைசி நிமிடங்களில் பயேர்ன் இரண்டு கோல் போட்டது. அடுத்த வருஷம் கலட்டசராயை நொஷாத்தெலில் 3–0 என்று அடித்தார்கள். இஸ்தான்புல்லில் 5–0 என்று வாங்கினார்கள். மைதானத்திலிருந்து பொருட்கள் வீசப்பட்டன என்ற முறைப்பாட்டில் யூஃபா முதலில் ஆட்டத்தை ரத்துச் செய்து மறுபடி ஆடச் சொன்னது. மேன்முறையீட்டில் அந்தத் தீர்ப்பு மாறி 5–0 நிலைத்தது. ஊரில் அந்த வயதுக்காரர்களிடம் இந்தப் பேச்சை எடுத்தால் இன்றைக்கும் குரல் உயரும்.

இப்போது இந்தக் கழகத்தின் பெரிய வெற்றிகளில் கடைசியானவை நடந்த 1991 இலையுதிர் காலத்துக்கு வருவோம். இதை நான் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல விரும்புகிறேன்.

பயிற்றுநர் ஆங்கிலேயரான றோய் ஹொட்சன். பிறகு இங்கிலாந்து தேசிய அணிவரை போன அதே ஹொட்சன்தான். 1990 உலகக் கிண்ணத்தில் எகிப்து அணி நெதர்லாந்தை 1–1 என்று மடக்கிப்போட்டது பலருக்கு நினைவிருக்கும். அந்த அணியின் பின்கள வீரர் ஹானி ரம்சி உலகக் கிண்ணம் முடிந்த கையோடு நொஷாத்தெலுக்கு வந்தார். 1991இல் அதே அணியின் இரட்டையர்களும் வந்தார்கள்: ஹொசாம் ஹசன், இப்ராஹிம் ஹசன். கெய்ரோவின் அல் அஹ்லி கழகத்தில் வளர்ந்து, கிரேக்கத்தில் ஒரு வருஷம் ஆடிவிட்டு வந்தவர்கள். ஆபிரிக்க வீரர்கள் ஐரோப்பிய லீக்குகளில் இன்றைக்குப் போல நிறைந்திராத காலம் அது. ஒரு சின்னச் சுவிஸ் கழகத்தில் ஒரே நேரத்தில் மூன்று எகிப்தியர். ஹொட்சனின் ஒழுங்கான நான்கு–நான்கு–இரண்டு வரிசைக்குள் அவர்கள் தங்கள் சூட்டைக் கொண்டுவந்தார்கள்.

யூஃபா கிண்ணத்தின் முதற்சுற்றில் மால்டாவின் ஃப்ளோரியானாவைச் சிரமப்பட்டுத்தான் தாண்டினார்கள். அங்கே கோலில்லாத சமநிலை, இங்கே 2–0. இரண்டாம் சுற்றில் வந்தது கிளாஸ்கோவின் செல்ற்றிக். 1967இல் ஐரோப்பியச் சம்பியன் கிண்ணத்தைத் தூக்கிய முதல் பிரித்தானியக் கழகம். 1991 ஒக்டோபர் 22, மலதியேர். ஆட்டம் முடிந்தபோது ஸாமாக்ஸ் 5, செல்ற்றிக் 1. அந்த ஐந்தில் நான்கு ஹொசாம் ஹசன் போட்டவை. ஐரோப்பியப் போட்டியில் ஒரு இரவில், ஒரு ஆளாக, செல்ற்றிக்குக்கு எதிராக நான்கு கோல். எகிப்தின் தலைசிறந்த கோலடிப்பாளராகப் பின்னாளில் எண்ணப்பட்ட அவரின் வாழ்க்கையில்கூட இப்படியொரு ஐரோப்பிய இரவு மறுபடி வரவில்லை. கிளாஸ்கோவில் செல்ற்றிக் 1–0 என்று வென்றது. அதனால் எந்தப் பிரயோசனமும் இருக்கவில்லை.

மூன்றாம் சுற்றில் மீண்டும் ரியல் மட்ரிட். புட்ராகெஞ்ஞோ, மிச்செல், ஹியெரோ, ஹாஜி என்று பெயர்களை வாசித்தாலே மூச்சு முட்டும் அணி. நவம்பரில் மலதியேரில் ஸாமாக்ஸ் 1–0 என்று வென்றது. டிசம்பரில் மட்ரிட்டில் 4–0 என்று தோற்றது. தை மாதம் ஹொட்சன் சுவிஸ் தேசிய அணிக்குப் போய்விட்டார். அவரின் கையில்தான் சுவிஸ் 28 வருஷத்துக்குப் பிறகு, 1994இல், உலகக் கிண்ணத்துக்குத் தகுதிபெற்றது. இரட்டையர்கள் பருவம் முடிந்ததும் கெய்ரோவுக்குத் திரும்பினார்கள்.

ரியலை வென்ற அந்த நவம்பர் இரவோடு ஒரு காலம் முடிந்தது என்பதே என் கணிப்பு. அதன் பிறகும் ஸாமாக்ஸ் ஐரோப்பாவில் ஆடியது: 1996இல் டைனமோ கீவை வெளியேற்றியது, 1997இல் றொனால்டோவின் இன்டர் மிலானிடம் இரண்டு ஆட்டத்திலும் 2–0 என்று தோற்றது. ஆனால் ஒரு கட்டட ஒப்பந்தக்காரரும் ஒரு சிற்றூரும் சேர்ந்து ஐரோப்பாவின் முன்னணிக் கழகங்களோடு மல்லுக்கட்டும் காலம் போய்விட்டது. 1992இல் சம்பியன்ஸ் லீக் வந்தது. தொலைக்காட்சிப் பணம் பெரிய நாடுகளின் பெரிய கழகங்களுக்கு ஆறாக ஓடியது. 1995 டிசம்பரில் ஐரோப்பிய நீதிமன்றம் பொஸ்மான் வழக்கில் தீர்ப்புச் சொன்னது. ஒப்பந்தம் முடிந்த வீரரைக் காசில்லாமல் அள்ளிக்கொண்டு போகலாம் என்றானது. வீரர்களை வளர்த்து விற்றுப் பிழைத்த சின்னக் கழகங்களின் வருமானத்தில் அது கைவைத்தது.

அடுத்த பத்து வருஷத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 2003 சுவிஸ் கிண்ண இறுதியில் பாசலிடம் 6–0. ஃபக்கினெற்றி விலகினார். 2004இல் பழைய மலதியேரை இடித்தார்கள். புது அரங்கு எழும்பும்வரை கழகம் மலைமேல் லா ஷோ-த-ஃபோன் நகரின் மைதானத்தை இரவல் வாங்கி ஆடியது. அங்கே இருக்கும்போதே 2006இல் இரண்டாம் லீக்குக்கு இறங்கி, அடுத்த வருஷமே மேலே வந்தது.

2007இல் திறந்த புது மலதியேரை ஒருதரம் பார்த்தால் மறக்க முடியாது. ஏரிப் பக்கமிருந்து நடந்து வந்தால் முதலில் தெரிவது ஒரு கடைத்தொகுதி. ஆட்கள் பாணும் பாலும் வாங்கிக்கொண்டு வெளியே வருவார்கள். அதே கட்டடத்துக்குள் தீயணைப்பு நிலையமும் உடற்பயிற்சி மண்டபங்களும் இருக்கின்றன. இவை எல்லாவற்றுக்கும் மேலே, மாடியில், 12,000 பேர் இருக்கக்கூடிய உதைபந்து அரங்கு, செயற்கைப் புல்தரை. ஒரு நகரம் தன் கழகத்தைத் தன் அன்றாட வாழ்க்கையின் கூரைமேல் தூக்கி வைத்திருக்கிறது. இந்த அரங்கு வெறிச்சோடிப் போகும் என்று அன்று யாரும் நினைத்திருக்கமாட்டார்கள்.

2011 மே 12. அப்போதைய தலைவர் சில்வியோ பெர்னஸ்கோனி தன் பங்குகளைச் சேச்னியாவைச் சேர்ந்த தொழிலதிபர் புலாத் சகாயெவுக்கு விற்றார். 17 நாள் கழித்து, மே 29ஆம் திகதி, பாசலில் சுவிஸ் கிண்ண இறுதி. எதிரே சியோன். ஸாமாக்ஸ் அதற்கு முன்னர் நான்கு இறுதிகளில் ஆடி நான்கிலும் தோற்றிருந்தது. 1974இல் தோற்ற முதலாவது இறுதியும் சியோனிடம்தான். சியோனோ அதுவரை ஆடிய எல்லா இறுதிகளையும் வென்ற கழகம். சியோன் 2, ஸாமாக்ஸ் 0. லீக்கை இரண்டுதரம் வென்ற ஸாமாக்ஸுக்குக் கிண்ணம் கடைசிவரை வாய்க்கவில்லை.

அந்தக் கோடையில் பயிற்றுநர்கள் வந்த வேகத்தில் போனார்கள். ஒருவரைப் பருவம் தொடங்கிய கையோடு அனுப்பினார்கள். செவில்லா, பில்பாவோ கழகங்களை நடத்திய ஸ்பானியர் ஹோக்கின் கபரோஸ் வந்தார்; செப்டெம்பர் தொடக்கத்தில் அவரும் விட்டுப் போனார். அவருக்குப் பின் வந்தவர் விக்டர் முன்யோஸ், ஒரு காலத்தில் பார்சலோனாவின் நடுக்கள வீரர், 2004இல் சரகோசாவை ஸ்பானிய மன்னர் கிண்ணத்துக்குக் கொண்டுபோன பயிற்றுநர். அவர் வந்து சேர்ந்த இடத்தில் வீரர்களுக்கும் அலுவலகத்தில் வேலை செய்தவர்களுக்கும் சம்பளம் நேரத்துக்கு வரவில்லை. லீக் விளக்கம் கேட்டது, தண்டம் போட்டது, புள்ளிகளையும் கழித்தது. பணம் இருக்கிறது என்று காட்டுவதற்காக பேங்க் ஒஃப் அமெரிக்காவின் பெயரில் 35 மில்லியன் டொலர் பத்திரம் ஒன்று முன்வைக்கப்பட்டது. அது போலி என்று தெரியவந்தது.

இந்த நிலைமையில்தான் அந்த அணி வென்றுகொண்டிருந்தது.

நான் இந்தப் பாகத்தை எழுத உட்கார்ந்ததே இந்த ஒரு விஷயத்துக்காகத்தான். வருகிற மாதம் சம்பளம் வருமா என்று தெரியாத ஆட்கள். வீட்டு வாடகை கட்டவேண்டியவர்கள். பலர் வேறு நாட்டிலிருந்து குடும்பத்தோடு வந்தவர்கள். ஞாயிற்றுக்கிழமை சிவப்பு–கறுப்புச் சட்டையைப் போட்டுக்கொண்டு அந்த மாடி மைதானத்தில் இறங்கி ஆடினார்கள். 2009இல் பதினேழு வயதுக்கு உட்பட்டோர் உலகக் கிண்ண இறுதியில் சுவிஸுக்கு வெற்றிக் கோலைப் போட்ட ஹாரிஸ் செஃபெரோவிச்சும் அந்த அணியில் இரவலாக ஆடிக்கொண்டிருந்தார். அவருக்கு அப்போது பத்தொன்பது வயது. குளிர்கால விடுமுறை வந்தபோது ஸாமாக்ஸ் பட்டியலின் நடுப்பகுதியில் இருந்தது. இறக்கப் பயம் எதுவும் இல்லை. கழகத்தின் கணக்குப் புத்தகம் நாசமாகிக்கொண்டிருந்த அதே வாரங்களில் மைதானத்துக் கணக்கு நேராக இருந்தது. ஹொசாம் ஹசனின் நான்கு கோலுக்கு நான் கொடுக்கும் மதிப்பில் ஒரு குண்டுமணிகூடக் குறையாமல் இந்த வெற்றிகளுக்கும் கொடுப்பேன்.

2012 ஜனவரி 18ஆம் திகதி லீக்கின் ஒழுக்காற்றுக் குழு ஸாமாக்ஸின் அனுமதிப்பத்திரத்தைப் பறித்தது. 26ஆம் திகதி கழகம் வங்குரோத்து. அதே நாட்களில் சகாயெவ் கைதானார். 2016இல் நொஷாத்தெல் நீதிமன்றம் அவரைக் குற்றவாளி என்று தீர்த்தது. வீரர்களின் ஒப்பந்தங்கள் இல்லாமற்போயின. செஃபெரோவிச் ஃபியொரென்ரினாவுக்குத் திரும்பினார். மற்றவர்கள் கிடைத்த இடத்துக்குப் போனார்கள்.

அதே பருவத்தில் சியோனுக்கும் ஒரு இடி விழுந்தது. தடையை மீறி வீரர்களைச் சேர்த்து ஆடவிட்ட குற்றத்துக்காக, ஃபிஃபாவின் நெருக்குதலில், 36 புள்ளிகள் கழிக்கப்பட்டன. ஸாமாக்ஸ் இல்லாமற்போனதால் கடைசி இடம் ஏற்கெனவே நிரம்பியிருந்தது. சியோன் அதற்கு ஒரு படி மேலே நின்று, ஆராவோடு தகுதிகாண் ஆட்டம் ஆடித் தப்பியது. ஒரு வருஷத்துக்கு முன்னர் கிண்ண இறுதியில் எதிரெதிரே நின்ற இரண்டு கழகங்களும் பட்டியலின் அடியில் ஒன்றாகக் கிடந்தன.

அவுஸ்திரேலியாவில் இருக்கும் நம் வாசகர்களுக்கு இந்த இடத்தில் மெல்பேர்னின் ஃபிட்ஸ்றோய் கழகம் நினைவுக்கு வரலாம். அவுஸ்திரேலிய விதி உதைபந்தில் 1883இல் தொடங்கிய கழகம். 1996இல் கடனில் விழுந்து பிரிஸ்பேனோடு இணைக்கப்பட்டது. அந்தக் கடைசிப் பருவத்தில் அது வென்றது ஒரேயொரு ஆட்டம், விற்றன் ஓவலில் ஃப்றிமான்ரிலை எதிர்த்து. ஊர்க்காரர் அந்த ஒரு வெற்றியை இன்றும் திகதியோடு சொல்வார்கள்.

தமிழ்நாட்டு வாசகர்களுக்கு இன்னும் பக்கத்தில் ஒரு கதை இருக்கிறது. அது சுவிஸையும் தொட்டுக்கொண்டு போகிறது. 2011–12இல் சம்பியனான அதே பாசல் கழகம் 2019இல் இந்தியாவின் சென்னை சிற்றி கழகத்தில் 26 சதவீதப் பங்கை வாங்கியது. பெயர் சென்னை என்றாலும் அணி ஆடியது கோயம்புத்தூர் நேரு விளையாட்டரங்கில். 2019 மார்ச் 9, ஐ-லீக்கின் கடைசி நாள். மினர்வா பஞ்சாபை வென்றால் பட்டம்; தவறினால் ஈஸ்ற் பெங்கால் தட்டிக்கொண்டு போய்விடும். தொடக்கத்திலேயே மினர்வா கோல் போட்டுவிட்டது. இடைவேளைக்குப் பிறகு பெட்ரோ மன்சி பெனால்டியில் சமப்படுத்தினார். பின்கள வீரர் கௌரவ் போரா இரண்டு கோல் போட்டார். 3–1. அதே நேரத்தில் கோழிக்கோட்டில் ஈஸ்ற் பெங்காலும் வென்றிருந்தது. சென்னை சிற்றிக்கு 43 புள்ளி, ஈஸ்ற் பெங்காலுக்கு 42. சிங்கப்பூர்ப் பயிற்றுநர் அக்பர் நவாஸின் கையில் தமிழ்நாட்டுக் கழகம் ஒன்று முதன்முறையாக இந்தியாவின் தேசிய லீக்கை வென்றது. இரண்டு வருஷம் கழித்து, 2021–22 ஐ-லீக் தொடங்கியபோது சென்னை சிற்றி அதில் இல்லை. மும்பையின் கெங்ரே கழகம் அந்த இடத்தில் ஆடியது. கோயம்புத்தூரில் அந்த மார்ச் மாலை மைதானத்துக்குப் போன பிள்ளைகள் அடுத்த பட்டத்தைக் காண அந்த அரங்குக்குப் போக வழியில்லாமல் வளர்ந்திருக்கிறார்கள். பட்டியலில் மட்டும் 43 புள்ளி நிற்கிறது.

இங்கே சுவிஸில் கோடை காலத்தில் நடக்கும் எங்கள் தமிழ்க் கழகங்களின் சுற்றுப்போட்டிகளுக்குப் போகிறவர்களுக்கு இது புதிய விஷயம் அல்ல. ஊரில் இடம்பெயர்வோடு ஆட்டம் நின்றுபோன கழகங்களின் பெயரை இங்கே பிறந்த பிள்ளைகள் நெஞ்சில் போட்டுக்கொண்டு ஆடுகிறார்கள். மைதானத்து ஓரத்தில் கதிரை போட்டு இருக்கும் தகப்பன்மார், எண்பதுகளில் எந்த இறுதியில் யார் எந்தக் காலால் அடித்தது என்று வாதாடிக்கொண்டிருப்பார்கள். அந்த வாதங்களை யாராவது எழுதிவைக்க வேண்டும் என்று நெடுநாளாகச் சொல்லிவருகிறேன். லீக் பட்டியலில் ஏறாத வெற்றிகளுக்கு அவர்களின் வாய்தான் ஒரே ஏடு.

நொஷாத்தெலுக்குத் திரும்புவோம். 2012 கோடையில் கிறிஸ்தியான் பிங்கெலி என்பவரின் தலைமையில், நொஷாத்தெல் ஸாமாக்ஸ் 1912 என்ற பெயரோடு, புதிய கழகம் ஐந்தாம் நிலை லீக்கில் பதிவானது. ரியலும் பயேர்னும் வந்து தோற்றுப்போன பெயர், ஊர்ப்புற மைதானங்களில் அமெச்சூர் அணிகளோடு ஆடத் தொடங்கியது. 2013இல் அதே நகரின் செரியேர் கழகம் அதோடு இணைந்தது. மூன்று பருவங்களில், 2015இல், இரண்டாம் நிலைக்கு வந்தார்கள். 2016இல் ரஃபாயெல் நுஸோலோ திரும்பிவந்தார். பழைய ஸாமாக்ஸில் வளர்ந்து, சகாயெவ் வந்த வருஷம் பேர்ணின் யங் போய்ஸுக்குப் போயிருந்தவர். 2018 வசந்தத்தில் ஸாமாக்ஸ் மறுபடி சுப்பர் லீக்கில் ஏறியது. பயிற்றுநர் மிஷேல் தெக்கஸ்தெலும் பழைய ஸாமாக்ஸ் வீரர். அதே வருஷம் ஃபக்கினெற்றி இறந்தார். தன் கழகம் மேலே வந்ததைப் பார்த்துவிட்டுத்தான் போனார்.

மேலே வந்த முதற்பருவம் கடினமாக இருந்தது. இடையில் ஸ்தெஃபான் ஹோன்ஷோ பொறுப்பேற்றார். ஸாமாக்ஸில் தொடங்கி லிவர்பூல்வரை போன பின்கள வீரர். ஒன்பதாம் இடம். தங்குவதற்குத் தகுதிகாண் ஆட்டம், எதிரே ஆரா. 2019 மே 30ஆம் திகதி மலதியேரில் ஸாமாக்ஸ் 4–0 என்று தோற்றது. சொந்த மைதானத்தில் நான்கு கோல். எல்லாம் முடிந்தது என்றுதான் யாரும் நினைப்பார்கள். மூன்று நாள் கழித்து ஜூன் 2ஆம் திகதி ஆராவின் பழைய ப்ரூக்லிஃபெல்ட் மைதானத்தில் ஸாமாக்ஸ் அதே 4–0 என்று திருப்பி அடித்தது. மேலதிக நேரத்தில் கோல் இல்லை. பெனால்டியில் ஸாமாக்ஸ் வென்றது. அடுத்த பருவம், 2020இல், சுப்பர் லீக்கின் கடைசி இடத்தில் முடித்து மறுபடி கீழே இறங்கியது.

அடுத்த பாகத்தில் ஆர்காவ் மாநிலத்தின் வெட்டிங்கன் கழகம். 1989 ஒக்டோபரில் மரடோனாவின் நாப்போலி யூஃபா கிண்ண ஆட்டத்துக்காகச் சூரிச்சின் லெற்சிகிரண்ட் மைதானத்துக்கு வந்தது. வெட்டிங்கன் அவர்களைக் கோலில்லாமல் திருப்பி அனுப்பியது. நான்கு வருஷத்துக்குள் அந்தக் கழகமும் வங்குரோத்து.

(தொடரும்)